ஏழாம் சத்தம்

மோலி டீச்சர் தன் வீட்டில் சத்தம் தேடத் தொடங்கியது பொங்கலுக்கு முந்தின வாரம். மைசூரில் அந்த நாட்களில் காலை எட்டு மணி ஆனாலும் பனி போகாது. தெருமுனையில் அவரைக்காய்க் குவியல்கள் ஈரத்தோடு கிடக்கும். அந்த வாசனை கையில் ஒட்டினால் சாயங்காலம்வரை சோப்புக்கும் அசையாது. ஊரே கம்பளிக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கும்போது இந்த அம்மாள் ஒருத்தி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தாள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. நான்காம் வகுப்பு அறிவியலில் அடுத்த பாடம் 'ஒலி'. வெள்ளிக்கிழமை அதைப் பார்க்க ஆள் வருகிறது.

விஷயத்தை உடைத்தவர் தலைமை ஆசிரியை சௌம்யா. திங்கட்கிழமை இன்டர்வெல்லில் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்.

"மோலி மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். சுவர் அளவு டச் போர்டு வாங்கிக் கொடுத்தாச்சு, ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தாச்சு. பிள்ளைங்க இன்னும் கொட்டாவி விடறாங்கன்னு டிரஸ்ட்ல பேச்சு. பெங்களூர் கம்பெனி ஒண்ணு எல்லாப் பாடத்தையும் வீடியோவா கொடுக்கறேன்னு வந்திருக்கு. அத வாங்கிட்டா மூணு கிளாஸுக்கு ஒரு ஆள் உக்காந்தா போதும்."

"அப்ப நான்?"

"வெள்ளிக்கிழமை செக்ரட்டரி இராமச்சந்திரன் சார் உங்க கிளாஸ்ல வந்து உக்காருவார். பிள்ளைங்க எழுந்து பேசினா உங்க கிளாஸ் உங்களுக்கு. இல்லேன்னா ஜூன்லேருந்து உங்களுக்கு ஆபீஸ்ல வேலை. பிள்ளைங்க விவரத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தறது. சம்பளம் குறையாது."

"அந்த ரூம்ல வேற யாரு இருப்பாங்க மேடம்?"

"யாரும் இல்ல. நிம்மதியா வேலை பாக்கலாம்."

சௌம்யா அதை ஒரு சலுகையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் உள்ள வீட்டிலிருந்து வருகிறவருக்கு ஆளில்லாத அறை என்றால் சொர்க்கம். மோலிக்கு அப்படி ஓர் அறை ஏற்கனவே இருந்தது. ஒன்றல்ல, நான்கு அறைகள். அதற்குப் பெயர் வீடு.

அந்த வீட்டில் அவள் கணவர் மரியராஜும் இருந்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு அடிக்கிற சத்தத்திலேயே வாழ்ந்ததால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். "மெல்லப் பேசுங்க, கல்லறையில இருக்கறவங்க எழுந்துக்கப் போறாங்க" என்று மோலி கேலி செய்வாள். அப்படிப்பட்ட மனிதர் போன மே மாதத்திலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் மகள் ஜூலி. நர்ஸ் வேலையில் இருந்தவள், கூட வேலை பார்க்கும் தீபக்கைக் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் தமிழன்தான், இந்துக் குடும்பம். மாதா கோயிலில் சாமியார் ஓதி நடத்தாத கல்யாணத்துக்கு நான் அப்பனாக நிற்க மாட்டேன் என்று மரியராஜ் சொல்லிவிட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைந்தபோது, கோடை லீவில் வீட்டிலிருந்த மோலி போய்க் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை வீடு திரும்பினதிலிருந்து மௌனம்.

முதல் மாதம் அவள் கெஞ்சினாள். இரண்டாம் மாதம் சண்டைக்கு இழுத்துப் பார்த்தாள். "என்ன வேணும்னு வாயத் திறந்து சொல்லுங்க" என்றாள். அவர் எழுந்து போய் டிவியைப் போட்டார். தப்புச் செய்துவிட்டேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஆனால் அது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதன் பிறகு குடித்தனம் சைகையில் ஓடியது. அரிசி தீர்ந்தால் காலி டிரம்மை எடுத்துச் சமையல் மேடையில் வைப்பார். சட்டையில் பொத்தான் அறுந்தால் அது கட்டில் மேல் விரித்துக் கிடக்கும். அவளும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்துவைப்பாள். பேச்சில்லாமல் இத்தனை வேலை நடக்கும் என்பது இருவருக்குமே அதுவரை தெரியாது.

ஆகவே மோலிக்கு யாராவது பதில் சொல்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நாலாம் வகுப்பு பி பிரிவு. "மிஸ், இவன் என் ரப்பரை எடுத்துட்டான்" என்பதுகூட அவளுக்குப் பேச்சுதான். அதுவும் போய்விட்டால், காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஜீவன் இருக்காது. இதை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று ராத்திரி அடுப்படியில் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே பாடத்தை யோசித்தாள். பிதுக்கம்பருப்பு வேலைக்குக் கை மட்டும் போதும். புத்தி சும்மா இருக்கும். போன வருஷம் கம்பெனிக்காரர்கள் கொடுத்த படத்தைத்தான் போட்டாள். ஒரு மணி ஆடும், அதிலிருந்து நீல வளையங்கள் கிளம்பும், ஒரு குரல் இங்கிலீஷில் விளக்கும். பிள்ளைகள் விளம்பரம் பார்ப்பதுபோல் இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு பென்சில் சீவப் போய்விட்டார்கள். யாரோ ஊரில் யாரோ அடித்த மணி அது. அவர்களுக்கு அதில் என்ன வேலை?

அவர்கள் காதுக்குத் தெரிந்த சத்தத்தைக் கொடுக்க வேண்டும். சத்தத்தைக் கோடாகக் காட்டுகிற ஆப் ஒன்று டேப்லெட்டில் இருந்தது. பெரிய சத்தம் என்றால் கோடு மலையாக எழும்பும்; சத்தமில்லை என்றால் தரையில் படுத்துக்கிடக்கும். ஒரு வீட்டின் ஒரு பகலை அப்படியே பிடித்து போர்டில் போட்டால்? பிள்ளைகள் வந்து மலையைத் தொட வேண்டும். தொட்டால் சத்தம் கேட்கும். என்ன சத்தம், எதிலிருந்து வந்தது, எது அதிர்ந்தது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். நினைத்தபோதே அவளுக்கு உடம்பு சூடேறியது. கையில் இருந்த பருப்பு தவறித் தரையில் ஓடியது.

செவ்வாய்க்கிழமை மாலை முழுக்க டேப்லெட்டும் கையுமாக அலைந்தாள். பிரிட்ஜ் உறுமல் கிடைத்தது. சுவர்க் கடிகாரம் கிடைத்தது. கதவை இரண்டு முறை தானே சாத்திப் பிடித்தாள். அதோடு சரக்கு தீர்ந்தது. திரையில் கோடு நீட்டிப் படுத்துக்கொண்டது. முன்னறையில் மரியராஜ் செய்தித்தாளைப் புரட்டினார். அந்தத் தாளின் சத்தம் மட்டும் சின்னதாக ஒரு புல் முளைத்ததுபோல் எழும்பிற்று. நான் இருக்கிற நேரத்தில்தான் இந்த வீடு இப்படி, நான் போன பிறகாவது தெருவில் ஏதாவது நடக்கும் என்று நினைத்தாள்.

புதன்கிழமை காலை எட்டேகாலுக்குப் புறப்படும்போது டேப்லெட்டைப் பதிவில் போட்டு, பிரிட்ஜின் மேல் கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச்சுவார்த்தை இருந்தால் அல்லவா சொல்வதற்கு? இதற்குச் சைகை அவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மாலையில் வந்து பார்த்தால் நாலு மணி நேரப் பதிவு. அத்தனையையும் உட்கார்ந்து கேட்க எங்கே நேரம்? கோட்டைப் பார்த்தே வெட்டினாள். மலை எங்கே எழும்பியிருக்கிறதோ அங்கே ஒரு நொடி கேட்டு, பெயர் எழுதி, துண்டாக்கினாள். கேட் தாழ்ப்பாள். பக்கத்து வீட்டுக் குக்கர். சொப்புக்காரியின் குரல், கீரையை இந்த ஊரில் சொப்பு என்றுதான் கூவுவார்கள். ஜன்னல் மேட்டில் புறாக்கள். ஸ்கூட்டர் ஒன்று மூன்று உதையில் கிளம்பியது. ஒரு தும்மல். பதினொன்று பத்துக்கு மேல் கோடு கொத்துக் கொத்தாக எழும்பிக் கால் மணி நேரம் ஓடியது. ஆண்குரல் ஒன்று முனகினாற்போல் தொடங்கியது. அவள் மேலே கேட்கவில்லை. தான் இல்லாதபோது அந்த வீட்டில் பேசுகிற பொருள் ஒன்றுதானே உண்டு? அதிலிருந்து முப்பது நொடி வெட்டி, ஏழாவதாக வைத்து, 'டிவி' என்று விடை எழுதினாள்.

அப்போதுதான் ஜூலி போனில் கூப்பிட்டாள். வழக்கமாக ஞாயிறு பூசை முடிந்தபின் ஐந்து நிமிஷம் பேசுவாள். கல்யாணமாகி மங்களூர் போன பிறகு அவள் தமிழில் கன்னடம் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

"அம்மா, ஊட்டா ஆய்த்தா?"

"இன்னும் சாப்பிடலடி. வேலையா இருக்கேன். வெள்ளிக்கிழமை கிளாஸுக்கு வீட்டுச் சத்தமெல்லாம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"வீட்டுச் சத்தமா? நம்ம வீட்டுலயா?"

"இன்னிக்குக் காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் டேப்லெட்ட ஓடவிட்டுட்டுப் போனேன்."

ஜூலி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முழுசா கேட்டியாம்மா?"

"எங்க கேக்கறது? கோட்டப் பாத்து வெட்டினேன். ஏழு சத்தம் தேறிச்சு. கடைசியில உங்கப்பாவோட டிவி."

"டிவி வேணாம்மா. எடுத்துடு. விட்டுடு, சும்னே எதுக்கு? காபிரைட்டு அது இதுன்னு யாராவது கேப்பாங்க."

"முப்பது நொடிக்கு யாருடி கேக்கப் போறாங்க? அது ஒண்ணுதான் மனுஷக் குரல் மாதிரி நீளமா இருக்கு. பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்."

"சரிம்மா... உடம்பப் பாத்துக்கோ."

எவ்வளவு அக்கறை என்று மோலி நெகிழ்ந்துபோனாள். அந்த நெகிழ்ச்சியிலேயே தனியாக உட்கார்ந்து இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இராமச்சந்திரன் வந்து கடைசி வரிசையில், பிள்ளைகள் பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார். ரிட்டயர்டு இன்ஜினியர், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். பக்கத்தில் சௌம்யா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். மோலி பாடத்தைத் தொடங்கினாள்.

முதலில் ரவை. பால் டப்பாவின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே ஒரு சிட்டிகை ரவையைத் தூவி, டப்பாவுக்குள் சின்ன ஸ்பீக்கரை ஓடவிட்டாள். ஸ்பீக்கரில் தமட்டை மேளம் அடித்ததும் ரவை குதித்தது. "டான்ஸ் மாட்தாயிதே!" என்று முன்வரிசை கிரிஸ் எகிறினான். நீங்கள் கத்தினால் குதிக்குமா என்று கேட்டாள். முப்பத்தெட்டுப் பேரும் கத்தினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எது ஆடுகிறது, ரவையா பலூனா என்று கேட்டதும் சண்டையே வந்துவிட்டது. சௌம்யாவின் பேனா ஓட ஆரம்பித்தது.

பிறகு போர்டில் ஏழு மலைகள். ஒவ்வொருவராக ஓடிவந்து தொட்டார்கள். குக்கரைப் பாதி விசிலிலேயே கண்டுபிடித்தார்கள். புறாவை ஒருவன் தவளை என்றான். ஸ்கூட்டருக்கு, அது எத்தனை வருஷப் பழசு என்பதுவரை சொன்னார்கள். பேசாமல் இருந்தது நாலாவது பெஞ்சு ஜீவிதா மட்டுந்தான். ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். ஜூனில் சேர்ந்தவள் இந்த ஏழு மாதத்தில் "பிரசன்ட் மிஸ்" தவிர வகுப்பில் வேறு சொன்னதில்லை. வகுப்பில் கன்னடமும் இங்கிலீஷும்தான் பேச வேண்டும் என்பது பள்ளி விதி. மோலியும் அதைத் தாண்டி அவளிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை.

ஏழாவது மலையைக் கிரிஸ் தொட்டான்.

"ம்... சாப்ட்டியா? ... நைட் டூட்டியா?" போர்டின் பெரிய ஸ்பீக்கரில் அந்தக் குரல் வகுப்பறையை நிறைத்தது. பிறகு ஒரு சிரிப்பு. இரும்புப் பட்டறையில் பழகின, அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. "அத உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாத. நாம பேசறதே அவளுக்குத் தெரியக் கூடாது, ஆமா... இல்ல கண்ணு... தப்புன்னு அவ வாயால வரட்டும்."

மோலிக்குத் தெரிந்துவிட்டது, அது மரியராஜின் குரல். எட்டு மாதமாக அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். அது வீட்டில்தான் இருந்திருக்கிறது. அவள் பஸ் ஏறினதும் அது வெளியே வந்திருக்கிறது. மகளுக்காகக் கையெழுத்துப் போட்டாள், மகளை மன்னித்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்டவள் மட்டும் வெளியே நிற்கிறாள். ஜூலியும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. எதிரே முப்பத்தெட்டு முகங்கள் விடைக்காகக் காத்திருந்தன.

"டிவி! டிவி!" என்று கத்தினார்கள். "ரேடியோ மிஸ்!"

விடை தயாராக இருந்தது. பட்டனைத் தொட்டால் 'டிவி' என்று வரும்; பிள்ளைகள் கைதட்டுவார்கள்; முடிந்துவிடும். அவள் விரல் போர்டுவரை போய்விட்டது.

"டிவி இல்லீங்க மிஸ்."

ஜீவிதா எழுந்து நின்றிருந்தாள். தமிழில்தான் பேசினாள். தன் வீட்டுப் பாஷை அந்தச் சுவரிலிருந்து வந்ததில் விதியெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"ஒரு தாத்தா போன்ல பேசறாருங்க. டிவியில உடாம பேசிட்டே இருப்பாங்கல்லங்க மிஸ். இவரு நிறுத்தி நிறுத்திப் பேசறாரு. அந்தப் பக்கம் பேசறதக் கேட்டுப்போட்டு, அப்பறம் பேசறாருங்க."

"ஏனு ஹேளித்லு ஆ மகு?" என்றார் இராமச்சந்திரன், முன்னால் குனிந்து. அந்தக் குழந்தை என்ன சொன்னாள், அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அவளும் அந்தச் சின்னப் பெண்ணும்தான். ஆனால் ஏழு மாதம் கழித்து வாய் திறந்த பிள்ளையின் பேச்சை மாற்றிச் சொல்ல மோலிக்கு மனம் வரவில்லை. கன்னடத்தில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"அது டிவி இல்லையாம் சார். ஒரு அப்பா மகளோட போன்ல பேசறாராம். தாங்க பேசறத அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொல்றார். தப்புன்னு அந்த அம்மாவே ஒத்துக்கட்டும்ங்கறார்."

"ஏன் மிஸ்? அந்த அம்மா என்ன தப்புப் பண்ணாங்க?" என்றான் கிரிஸ்.

"அது பதிவுல இல்லப்பா" என்றாள் மோலி. குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். "நான் எழுதி வெச்ச விடை தப்பு. ஜீவிதா சொல்றதுதான் சரி. ஜீவிதா, நீ வாம்மா. வந்து எப்படிக் கண்டுபிடிச்சேன்னு காட்டு." கடைசி இரண்டு வாக்கியங்களைத் தமிழிலேயே சொன்னாள். சௌம்யா நிமிர்ந்து பார்த்தார்.

ஜீவிதா போர்டில் விரல் வைத்துக் கோட்டைப் பெரிதாக்கினாள். மலை, சமதரை, மலை, சமதரை. "இங்க தாத்தா பேசறாரு. இந்தக் காலியா இருக்கற எடத்துல அந்த அக்கா பேசுதுங்க. நமக்குத்தான் கேக்கல." அந்தக் காலி இடங்களை மோலியும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அவள் மகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து, எது சிரிப்பு என்று தேடி, எல்லாவற்றையும்விட உயரமான மலை அதுதான் என்று கண்டுபிடித்தார்கள். சிரிப்பை இன்னொரு முறை போடச் சொன்னார்கள். போட்டாள்.

போகும்போது இராமச்சந்திரன் கைகூப்பினார். "பெங்களூர்க்காரங்களுக்கு வேணாம்னு எழுதிடறேன் மேடம். தப்பு விடைய வெச்சு அத பிள்ளைங்களையே திருத்த வெச்சீங்களே, அந்த யோசனை எப்படி வந்துச்சு?" மோலி சிரித்துவைத்தாள். வகுப்பு அவளுக்கே என்றாயிற்று. சந்தோஷப்பட வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள், திறந்தபடியே மூடினாள்.

வீட்டுக்கு வந்தபோது மரியராஜ் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அதை அணைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க சிரிப்ப இன்னிக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைங்க கேட்டுச்சு" என்றாள். "ரெண்டு தடவ."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"புதன்கிழமை அடுப்படியில டேப்லெட் ஓடிட்டிருந்தது. உங்களுக்காக வெக்கல. குக்கர் சத்தத்துக்கு வெச்சேன். அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னீங்களே, அத செக்ரட்டரிக்குக் கன்னடத்துல சொன்னது நான்தான். அந்தம்மா என்ன தப்புப் பண்ணாங்கன்னு ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியல. எவ்வளவு நாளா பேசறீங்க?"

மரியராஜ் உள்ளங்கைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆகஸ்ட்லேருந்து" என்றார்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று அவள் மனதுக்குள் விரல் மடக்கினாள். அந்த மாதங்களிலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "அப்பா எப்படி இருக்காரும்மா?" என்று ஜூலி கேட்டிருக்கிறாள். "அப்படியேதான் இருக்கார்" என்று இவளும் சொல்லியிருக்கிறாள்.

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார் அவர். பழைய கத்தல் இல்லை. துருப்பிடித்த குரல். "ஒரு வார்த்த. தப்புன்னு."

"தப்பு இல்லியே" என்றாள் மோலி. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். "தப்பா இருந்தா நீங்க ஏன் அவளோட சிரிக்கறீங்க?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அடுப்படிக்குப் போய், காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களின் முன்னால் நின்றாள்.

"மோலி" என்று முன்னறையிலிருந்து அவர் கூப்பிட்டார்.

இந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. அவளுக்கு நன்றாகக் கேட்டது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அலுமினியச் சட்டியில் தண்ணீர் விழுந்து அடுப்படி முழுக்க இரைந்தது. அவர் இன்னொரு முறை கூப்பிட்டாரா என்று தெரியாது. குழாயை மூடிக் கேட்டுப்பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.